மேக்கு எந்திரிச்சுப் போன ஊர்

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. பின்னால நிக்கிறவரே, உம்ம கால் என்ன கோயில் தூணா, மடக்கி உக்காரும். அந்த போன அமத்தி மடியில வையுங்க, அது ஒண்ணும் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கப் போறதில்ல. வாயையும் சேத்து அமத்துங்க. இது பயப்படுற கதை. சத்தத்துக்கு நடுவுல சொன்னா பயம் கோவிச்சுக்கிட்டு வெளிய போயிரும், அப்புறம் உங்களுக்குச் சக்கைதான் மிஞ்சும்.

வெள்ளிமுனைன்னு ஒரு கடக்கரை ஊரு. கெழக்க கடலு, மேக்க செக்கச்செவேல்னு தேரிமணல் காடு, அந்த மணலுக்கு நடுவுல ஒத்த ரோடு, ரோட்டுல நாளைக்கு நாலு பஸ்ஸு. அந்த ஊர்ச் சனம் முந்தி எப்பிடிப் பேசும்னா, சோத்துல கொழம்பு ஊத்தும்போதுகூட "இன்னும் கொஞ்சம் வடக்க ஊத்துளா"ம்பாவ, முதுகு அரிச்சா "அங்கன இல்ல, தெக்க, இன்னும் தெக்க, ஆங், இப்பம் ஒரு விரக்கடை மேக்க"ன்னு சொறியச் சொல்லுவாவ, பல்லு வலிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டர்கிட்ட "கெழக்குப் பக்கத்துக் கடவாப் பல்லு"ம்பாவ, டாக்டர் பாவம் எந்திரிச்சுப் போயி சன்னல் வழியா சூரியனப் பாத்துட்டு வந்துதான் பல்லுல கை வைப்பாரு. நாலு தெசையும் அந்த ஊர்ல நாலு சொந்தக்காரன் மாதிரி, பேரு சொல்லிக் கூப்பிடாத நாள் கெடையாது.

அப்புறம் போனு வந்துச்சு. வள்ளத்துல ஜிபிஎஸ் பெட்டி வந்துச்சு. பெட்டியில ஒரு அம்பு, அம்பு காட்டுற பக்கம் சுக்கானத் திருப்புனா கடலு, திரும்பத் திருப்புனா வீடு. போனுக்குள்ள ஒரு பொம்பள, மூக்குல பஞ்சு வச்ச மாதிரி, "இருநூறு மீட்டரில், இடதுபுறம், திரும்பவும்"னு சொல்லும், ஊரே அவ பேச்சக் கேட்டுத் திரும்பும். பெத்த தாய் சொன்னா திரும்பாதவன்லாம் அவ சொன்னாத் திரும்புவான். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற மாமியார் வீட்டுக்கு ஒருத்தன் லொகேஷன் போட்டுப் போயி, பாதியில சார்ஜ் எறங்கி, போவவும் தெரியாம வரவும் தெரியாம முக்குலயே குத்த வச்சிருந்தான், மாமனார் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. எல்லாரும் சிரிச்சாவ. சிரிச்சுட்டு அவிய அவிய வீட்டுக்கு லொகேஷன் போட்டுப் போனாவ.

இப்பிடியே ஒரு வருசம் ஒருத்தர் வாயிலயும் மேக்குங்கிற பேச்சே வரல. ஒரு செவ்வாக்கெழமை காலையில எட்டு மணிக்கு, மேக்கு எந்திரிச்சுப் போயிட்டு.

அத மொதல்ல கண்டவ செசீலி. செசீலிய உங்களுக்குத் தெரியணும், கதை பூராவும் அவ கூடத்தான் நாம நடக்கப் போறோம். முப்பத்தஞ்சு வயசு, வாயி ஊரறிஞ்ச வாயி, ஏலக்கூடத்துல அவ வெலை சொன்னா மீனே கண்ணத் தொறந்து பாக்கும். புருசன் சந்தியாகு கருக்கல்லயே கடலுக்குப் போயிட்டான். வீட்டுல அவளும், அவ நாத்தனா பெர்பத்துவும். பெர்பத்து கருவாடு காயப் போடுறவ. அவ பேசிக் கேட்டவன் ஊர்ல ரொம்பக் கொறவு. "உப்பு இருக்கா"ன்னு கேட்டா உப்பக் கொண்டாந்து வைப்பாளே தவிர "இருக்கு"ன்னு சொல்ல மாட்டா.

செசீலி பானையக் கழுவுன தண்ணிய எப்பவும் போல பின்வாசலத் தொறந்து வீசுனா. தண்ணி முன்தெருவுல போயிட்டிருந்த மீனவர் சங்கத் தலைவர் ரொசாரியோ தலையில விழுந்துச்சு.

"அதாகப்பட்டது, ஏளா செசீலி, என்னன்னு நெனச்ச நீயி?" அவருக்கு எதச் சொன்னாலும் முன்னால ஒரு அதாகப்பட்டது வேணும், தும்முறதுக்குக்கூட.

"மாமா, நான் பின்னாலதான வீசுனேன்."

"அப்பம் நான் உன் பின்னாலயா நிக்கேன்?"

செசீலி பின்வாசல் வழியா வெளிய போனா. முன்வாசல்ல வந்து நின்னா. திரும்ப உள்ள வந்து, சமையக்கட்டத் தாண்டி, பின்வாசல்ல காலெடுத்து வச்சா, முன்வாசல்ல ரொசாரியோ வேட்டியப் பிழிஞ்சுக்கிட்டு நிக்காரு. மூணாவது தடவை போயிட்டு வரும்போது அவளுக்குச் சிரிப்பு நின்னுட்டு.

வெளிய வந்து பாத்தா, மேலத்தெருச் சனம் மொத்தமும் கீழத்தெரு வாசல்கள்ல பாயோட, ஆட்டுக்குட்டியோட, பாதி தின்ன இட்டிலியோட நிக்கி. அவிய தெரு இல்ல. தெருவுக்கு அந்தாண்ட இருந்த தேரி இல்ல. ரோடு இல்ல. அந்தப் பக்கம் பாத்தா முள்ளோ சுவரோ பள்ளமோ எதுவும் தெரியல, பாக்கவே முடியல, கண்ணு வழுக்கிக்கிட்டுக் கடலப் பாத்துப் போயிருது. சாமியார் மாதா கோயிலத் தொறந்தா பாதிக் கோயிலுதான் இருக்கு, பீடம் இருந்த பாதியக் காணோம். தையல்கார சாகுல் பாய் தொழுகைக்கு விரிப்ப எடுத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்துனாரு, ரெண்டு சுத்து சுத்துனாரு, கடைசில "நான் எங்க பாக்கேன்னு அல்லாவுக்குத் தெரியும்"னு விரிச்சு உக்காந்துட்டாரு. பள்ளிக்கூடத்துச் சொவத்துல மாட்டியிருந்த படத்துல தமிழ்நாடு இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் வெறும் சுண்ணாம்பு. டீச்சர் பிரம்ப வச்சுக்கிட்டு, "கேரளாக்காரங்க நல்ல சனம் பிள்ளைகளா, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்"னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டா.

மனுசனப் போல ஒட்டிக்கிற சென்மம் வேற கெடையாது பாத்துக்கங்க. மத்தியானத்துக்குள்ள ஊரு பழகிட்டு. மேலத்தெருக்காரன் கீழத்தெருக்காரன் வீட்டுல சம்பந்தி மாதிரி சாப்பிட உக்காந்துட்டான். மேலத்தெருவுல பொண்ணு கட்டுனவன் ஒருத்தன், மாமியார் வீடே இல்லாமப் போனதுக்கு மெழுகுவத்தி நேந்துக்கிட்டான், திரும்பிப் பாத்தா மாமியா அவன் கட்டில்ல உக்காந்திருக்கா. டவுனுக்குப் போன் போட்டு உதவி கேட்டா, அங்க ஒரு பையன், "சார், உங்க லொகேஷன அனுப்புங்க"ங்கான். லொகேஷன் போவல. "லொகேஷன் இல்லாம எப்பிடி சார் வர்றது?" அவன் கேக்கதும் நியாயந்தான்.

மூணு மணிக்கு சூரியன் நின்னுட்டு. அதுக்கும் எறங்க எடம் தெரியல. கல்யாண வீட்ட விசாரிச்சுக்கிட்டு முக்குல நிக்கிற விருந்தாளி மாதிரி அதே எடத்துல நின்னுச்சு. போனு மணி நாலுங்குது, ஆறுங்குது, பத்துங்குது, வெயில் மட்டும் மூணு மணி வெயில். கோழி அடையல. சனம் மூஞ்சில துண்டப் போட்டுத் தூங்குச்சு. டீக்கடைக்காரனுக்கு நாள் பூரா மூணு மணி டீ யாவாரம். பெர்பத்துவோட கருவாடு ஒரே நாள்ல மூணு நாள் காய்ச்சல் காஞ்சு மொறுமொறுன்னு நின்னுச்சு, அவ ஒண்ணும் சொல்லல, திருப்பிப் போட்டா.

செசீலிக்கு மட்டும் பழகல. ஏன்னா சந்தியாகு வரல.

ரெண்டு மணிக்குள்ள கரை பிடிக்கிற ஒன்பது வள்ளமும் வரல. யோசிச்சுப் பாருங்க, கடல்ல இருக்கிறவனுக்குக் கரைங்கிறது எந்தப் பக்கம்? மேக்க. மேக்கு போயிட்டுன்னா வீடு போயிட்டு.

அவ போன் போட்டா. மணி அடிச்சுது, எடுத்தான்.

"எங்க இருக்கிய?"

"கடல்ல."

"அது தெரியும். எந்தப் பக்கம்?"

"தெரியல ளா. அம்பு சுத்துது. எந்தப் பக்கம் போனாலும் தண்ணிதான் இருக்கு. காலையில கரை தெரிஞ்சுது, ஒரு தடவை குனிஞ்சு வலைய இழுத்துட்டு நிமுந்தேன், காணோம்."

"தண்ணி எவ்வளவு இருக்கு?"

"சுத்தியும் இருக்கு."

"குடிக்கிற தண்ணியக் கேக்கேன்."

"ஒரு கேன் இருக்கு. நாலு பேரு"ன்னான்.

ஒன்பது வள்ளத்தத் தேடி ரெண்டு வள்ளம் போச்சு. போறதுக்கு ஒண்ணுமில்ல, கெழக்கு அங்கனயேதான் இருக்கு. திரும்பத்தான் முடியல. இப்பம் பதினோரு வள்ளம், நாப்பத்தி மூணு ஆம்பளைங்க. கரையில நின்ன பொம்பளைங்க பேச்ச நிறுத்திட்டாவ. அந்த ஊர்ல பொம்பளைங்க பேச்சு நின்னா அலைச் சத்தம் எவ்வளவு பெருசுன்னு அன்னைக்குத்தான் எல்லாருக்கும் கேட்டுச்சு.

மறுநாளு, போன் கணக்குல மறுநாளு, ஊர்க்கூட்டம் கடக்கரையில கூடுச்சு. "அதாகப்பட்டது," ரொசாரியோ எந்திரிச்சாரு, "ஒண்ணு காணாமப் போச்சுன்னா மொதல்ல அதக் கூப்பிடணும். ஆடு போனா ஆட்டக் கூப்பிடுதோம்லா. அந்தப் பக்கத்துக்குப் பேரு என்னவே?"

எல்லாரும் வாயத் தொறந்தாவ. பேரு வரல. நாக்கு நுனியில கெடக்கு, எட்டிப் பிடிச்சா வழுக்குது. கெழக்க வருது, தெக்க வருது, வடக்க வருது, நாலாவது வரல. "மே..."ன்னான் ஒருத்தன். "ஆமா, மே..."ன்னா இன்னொருத்தி. ஊரே மே, மேங்குது, கொட்டகையில படுத்திருந்த ஆடெல்லாம் எந்திரிச்சு வந்து கூட்டத்துல நின்னுக்கிட்டு. போன்ல மேன்னு அடிச்சுப் பாத்தா மே மாசக் கோடை விடுமுறைச் சலுகைன்னு காட்டுது.

சிரிங்க, சிரிங்க. செசீலி சிரிக்கல. அவ கையில போன் இருக்கு, போன்ல சந்தியாகு இருக்கான், அவன் குரலு காஞ்ச பனையோலை மாதிரி ஆயிட்டு.

ரொசாரியோ தொடையில தட்டுனாரு. "அதாகப்பட்டது, அந்தப் பக்கத்துல இருந்த தெரு எது? மேலத்தெரு. அப்பம் பேரு என்ன? மேல. இதுக்குப் போயி எம்புட்டு நேரம்."

மேலன்னதும் எல்லார் நாக்குலயும் ருசி தட்டுச்சு. அதுதான் அதுதான்னாவ. செசீலி கையிலிருந்த போன ஸ்பீக்கர்ல போட்டு நடுவுல வச்சு, ஊரே ஒண்ணா நின்னு மூணு தடவை சத்தம் போட்டுச்சு: "மேல வாங்க. மேல வாங்க. மேல வாங்க."

அப்புறம் சந்தியாகு மெல்லச் சொன்னான்.

"ஏளா, தண்ணி கீழ போவுது."

செசீலி கடலப் பாத்தா. அது வரைக்கும் அடிவானத்துக்கு அந்தாண்ட கண்ணுக்குத் தெரியாமக் கெடந்த வள்ளங்க, புள்ளி புள்ளியா மேல வந்துச்சு. கடலுக்கு மேல, அதுக்கும் மேல, ஒரு பனை உயரம், அஞ்சு பனை உயரம், முப்பது பனை உயரம். பதினோரு வள்ளமும் பட்டம் விட்டாப்புல வானத்துல நிக்கி, அடிப்பலகையில இருந்து தண்ணி நூல் நூலா ஒழுகுது. சொன்ன பேச்சத் தட்டாத பசங்க, மேல வான்னாவ, மேல போயிட்டாவ. எட்டிப் பாக்கிற தலைங்க மொளகு மாதிரி தெரியுது.

"இன்னும் ஏறுது"ன்னான் சந்தியாகு. "பேசாம இருங்க எல்லாரும். யாரும் எதுவும் சொல்லாதிய."

ரொசாரியோவுக்கு மூஞ்சில ரத்தம் இல்ல. ஆனா தலைவருல்லா, சும்மா இருக்க முடியுமா? "பயப்படாதிய. ஏத்துன நமக்கு எறக்கத் தெரியாதா. கீழ வாங்கன்னு ஒரு வார்த்தை..."

அவர் முடிக்கல, செசீலி பாஞ்சு அவரு வாயப் பொத்திட்டா. சங்கத் தலைவர் வாய, ஊருக்கு முன்னால, மீன் கவிச்சிக் கையால.

"மாமா, கீழத்தெரு எந்தப் பக்கம் இருக்கு?"

கைக்குள்ள இருந்து "கெழக்க"ன்னு கேட்டுச்சு.

"அப்பம் நீங்க கீழன்னு சொல்லி, அவிய கெழக்க போயிட்டா? கெழக்க கடலுக்கு அப்புறம் கடலுதான இருக்கு. இல்ல, நெஜமாவே கீழ வந்தா? அம்புட்டு உயரத்துல இருந்து விழுந்தா தண்ணியும் கருங்கல்லும் ஒண்ணுதான்."

மேலயும் சொல்ல முடியாது, கீழயும் சொல்ல முடியாது, வாங்கன்னு சொன்னா எங்க வரன்னு கேப்பான், போங்கன்னு யாரு சொல்லுவா. நாப்பத்தி மூணு குடும்பமும் வாயில துணிய அடைச்ச மாதிரி நின்னுச்சு. வானத்துல வள்ளங்க இன்னும் ஏறுது, மெதுவா, சாந்தமா. போன்ல சார்ஜ் நாலுன்னு காட்டுது.

செசீலி மணல்ல உக்காந்தா. விரல வச்சு மணல்ல அவ வீட்டக் கோடு போட்டா. வாசல் கெழக்க. அடுப்பு தெக்க. தண்ணித்தொட்டி வடக்க. நாலாவது சொவரு? பின்வாசலத் தவிர அங்க என்ன இருந்துச்சு? பதினோரு வருசம் இருந்த வீடு, பீரோவா, சன்னலா, மாதா படமா? கோட்ட இழுக்க வெரலு போவ மாட்டேங்குது. தன் வீட்டோட ஒரு சொவரே தனக்குத் தெரியலங்கிறது எப்பிடி இருந்துச்சுன்னா, சந்தைக்கு நடுவுல பிள்ளை கையை விட்ட மாதிரி. அவ வாழ்க்கையில அவ்வளவு பயந்ததில்ல, வானத்துல புருசனப் பாத்தப்பக்கூட இல்ல. இத்தன வருசமா என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தோம்னு நெனச்சா.

அப்பம்தான் அவளுக்கு ஒண்ணு தட்டுச்சு. சொன்னவளுக்கு மறந்திருக்கு. கேட்டவனுக்கு?

போன எடுத்தா. "நான் சொல்லதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் படுக்க வந்தா உங்ககிட்ட என்ன சொல்லுவேன்?"

"என்னது?"

"படுக்கும்போது. பாயில. முந்தியெல்லாம், போனு வர்றதுக்கு முன்ன, தெனமும் என்ன சொல்லுவேன்?"

வானத்துல பத்து வள்ளத்துக்காரனும் கேக்கான், கரையில ஊரே கேக்குது, சாமியாரு கேக்காரு. "ஏளா, எல்லாரும் இருக்காவ"ன்னான் சந்தியாகு.

"மானம் போனாப் போட்டும். உயிரு போவப் போவுது. சொல்லுங்க."

"கொறட்டை விடாதியம்ப."

"பெறவு?"

"காலு நாறுதும்ப."

வானத்துல யாரோ சிரிச்சது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. சிரிப்பா அழுகையான்னு சொல்ல முடியல. சார்ஜ் ரெண்டுன்னு காட்டுது.

"அது இல்ல. நீங்க பாய் பூரா பரப்பிக் கெடப்பிய. எனக்கு எடம் இருக்காது. அப்பம் நான் தள்ளுவேன்லா. தள்ளிக்கிட்டே என்ன சொல்லுவேன்? யோசிக்காதிய. கண்ண மூடுங்க. நான் தள்ளுதேன். இந்தா தள்ளுதேன்." வெறுங்காத்துல ரெண்டு கையையும் நீட்டித் தள்ளுனா. ஊருக்கு முன்னால, மூணு மணி வெயில்ல, இல்லாத புருசனத் தள்ளுனா.

தூக்கத்துல பேசுற குரல்ல சந்தியாகு சொன்னான்: "மேக்க தள்ளிப் படுங்கம்ப."

அவ்வளவுதான். போன் செத்துட்டு.

மொதல்ல மணம் வந்துச்சு, வெயில்ல வெந்த தேரிமணலோட மணம். பெறகு பஸ் ஹாரன் கேட்டுச்சு, நேத்திக்குக் காலையில எட்டு மணிக்கு அடிக்க ஆரம்பிச்ச ஹாரனு, இப்பந்தான் முடிஞ்சுது. கோயிலு பீடத்தோட நின்னுச்சு, மேலத்தெரு அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சுது. சூரியன், அவுத்து விட்ட கன்னுக்குட்டி மாதிரி, ஒரே ஓட்டமா எறங்க ஆரம்பிச்சுது. வானத்துல இருந்த பதினோரு வள்ளமும் மூக்கத் திருப்புச்சு. மேக்கன்னுல்லா அவன் சொல்லியிருக்கான், நில்லுன்னு யாரும் சொல்லலியே, அதனால சாய்ஞ்சு சாய்ஞ்சு, கரையத் தாண்டி, ஊருக்கு மேல, கோயில் சிலுவைய ஒரசாமப் பாத்து, சனத்துத் தலையில உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட, வரிசையாப் போச்சு. வள்ளத்து நெழலு ஒவ்வொண்ணா தன் மேல ஏறி எறங்கும்போது செசீலி எண்ணிக்கிட்டே அதுக்குக் கீழ ஓடுனா. ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினொண்ணு வரைக்கும் எண்ணாம அவ மூச்சு விடல.

வள்ளங்க தேரிக்காட்டு நடுவுல, செம்மணல்ல, சத்தமில்லாம எறங்குச்சு. கடலுக்கும் அதுக்கும் ரெண்டு மைலு. நாப்பத்தி மூணு பேரும் இருந்தாவ. சந்தியாகு எறங்குனவன் நிக்கத் தெரியாம மணல அப்பிப் புடிச்சுக் கெடந்தான். செசீலி அவன் பக்கத்துல உக்காந்து அவன் காதத் திருகுனா, வாயில ஒண்ணும் வரல. அவ வாயில ஒண்ணும் வராதத அவன் அன்னைக்குத்தான் பாத்தான்.

ஊரே அங்கன கூடிட்டு. அழுது, கட்டிப் புடிச்சு, தண்ணி குடுத்து முடிஞ்சதும் ஆளாளுக்கு மடியத் தடவி போன எடுத்தாவ. வானத்துல வந்த வள்ளம் தேரியில நிக்கத படம் புடிக்கணும்லா. ஒருத்தன் வீட்டுக்குத் திரும்ப லொகேஷன் போட்டான். செசீலி அதப் பாத்தா.

ரொசாரியோ ஒரு வள்ளத்து மேல ஏறி நின்னாரு.

"அதாகப்பட்டது, இனிமே இப்பிடி நடக்காது. எம் மருமவன் கம்ப்யூட்டர் படிச்சவன், அவன்ட்ட சொல்லிட்டேன். ஒரு ஆப்பு செய்வான். எல்லார் போன்லயும் போட்டு விட்டுருவோம். காலையில, மத்தியானம், சாயந்தரம் மூணு வேளையும் அதுவே மேக்க, மேக்கன்னு சொல்லிரும். நீங்க யாரும் சொல்ல வேண்டாம், நெனப்பு வைக்க வேண்டாம், கவலையில்லாமத் தூங்கலாம்."

சனம் கை தட்டுச்சு. மாமியாரத் திரும்பக் கொண்டு போயி விடப் போறவன்தான் ரொம்பத் தட்டுனான். செசீலி தட்டல, வாயத் தொறந்தா, எங்க ஆரம்பிக்கன்னு தெரியாம நின்னா.

அப்பம், அண்ணனுக்குத் தண்ணி குடுத்த செம்பக் கையில வச்சுக்கிட்டு நின்ன பெர்பத்து தொண்டையச் செருமுனா. அவ செருமுறது என்ன சத்தம்னு தெரியாம ரெண்டு பேரு பாம்போன்னு காலத் தூக்குனாவ.

"அப்பிடியே உங்க பேரையும் அதுல போட்டு வச்சிருங்க மாமா," பெர்பத்து சொன்னா, "அடுத்தாப்புல போறது எதுன்னு யாரு கண்டா."